சோலைக்குள் ஒரு பெரட்டு

முத்துலெச்சுமி அக்கா போன செய்தி எனக்கு இரண்டு துண்டாக வந்தது. "அண்ணா, அக்கா விடியறதுக்கு முன்னாலயே போயிருச்சுங்க, நெஞ்சு வலியாம்" என்று தோட்டத்து சூப்பர்வைசர் கைப்பேசியில் சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்தி, "விசயம் தெரியாம காலைப் பெரட்டுல அது பேரையும் கூப்பிட்டுப்போட்டனுங்க. 'இருக்கேன்'னு சத்தம் வந்துச்சு" என்றார்.

வேலைக்குப் போகும் முன் தொழிலாளர்களை வரிசையாக நிறுத்திப் பெயர் கூப்பிடுவதுதான் பெரட்டு. எங்கள் மலையூரான சேரம்பாடியின் பனியில் முன்னால் நிற்பவளின் முக்காடுகூடத் தெரியாது. யாராவது பழக்கதோஷத்தில் குரல் கொடுத்திருப்பார்கள் என்று அவரைத் தேற்றினேன். பேய் பிசாசில் எனக்கு நம்பிக்கை கிடையாது, பயம் மட்டும்தான் உண்டு. பேசி முடித்ததும் சங்க ஆபீஸ் கதவை அகலத் திறந்து வைத்துவிட்டு வாசலில் போய் உட்கார்ந்துகொண்டேன். அழுகை அப்புறம்தான் வந்தது.

அக்காவை அறிந்தவர்களுக்கு அவருடைய வாயைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. இலங்கைத் தோட்டமொன்றில் பிறந்து, சிறுமியாகக் கப்பலேறி வந்து, இங்கே கொழுந்து பறித்தபடியே சங்கத்துக்குத் தலைவியானவர். கோயமுத்தூரிலிருந்து சங்க வேலைக்கு வந்த என்னை முதல் நாள் ஏற இறங்கப் பார்த்து, என் புதுக் காலணிகளில் பார்வையை நிறுத்தினார். "சப்பாத்து பளபளன்னு இருக்கே தம்பி, அட்டைக்கு விருந்தா?" என்றார். மாலையில் என் காலிலிருந்து அட்டைகளை உப்புப் போட்டு எடுத்துவிட்டவரும் அவரேதான்.

ஒரு மத்தியானம் இருவரும் பணியர் பழங்குடியினரின் பாடிக்குப் போய்விட்டு, அதற்கு மேலேயுள்ள சோலை வழியாகக் குறுக்கே திரும்பிக்கொண்டிருந்தோம். பாடி என்றால் அவர்களுடைய சிற்றூர். பனி இறங்கியிருந்தது. மரங்களுக்குள்ளிருந்து யாரோ என் பெயரைத் தெளிவாகக் கூப்பிட்டார்கள். பதில் சொல்ல வாயெடுத்தேன், அக்கா சட்டென்று என் வாயைப் பொத்தினார். அப்படியே நின்றோம். இரண்டாவது முறை யாரும் கூப்பிடவில்லை.

"காட்டுக்குள்ள ஒருக்கா கூப்பிட்டா வாயத் தொறக்காத தம்பி. மனுசன்னா மறுக்காவும் கூப்பிடுவான்" என்றார் அக்கா. அதன் பிறகு தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்து வீடுகள் தெரியும்வரை அவர் கேலி பேசவில்லை.

அந்தச் சோலையைத்தான் அழித்துத் தேயிலை போட நினைத்தது ஓர் எஸ்டேட். பெயர் எதற்கு? பாடியில் இறந்தவர்களையெல்லாம் அங்கேதான் புதைப்பார்கள். கல் நடுவதில்லை. மண்மேடு ஒரு மழைக்காலத்தில் அமிழ்ந்துவிடும், அதன்மேல் காடு மூடிவிடும். அதனால் எஸ்டேட் அதைச் சும்மா கிடக்கும் நிலம் என்றது. புதர் வெட்டும் வேலை எங்கள் லயத்துப் பெண்களுக்கு வந்தது. மறுத்தால் வேலை போகும், வேலை போனால் வீடும் போகும். "அடுத்தவங்க இடுகாட்டுக்காக நம்ம புள்ளைங்க தெருவுல நிக்கணுமா?" என்று ஒருத்தி கேட்டாள். நியாயமான கேள்விதான்.

அக்கா அவளிடம் கோபப்படவில்லை. "எங்கம்மாவ அங்க ஒரு தேயிலத் தூரு கீழ பொதச்சிட்டுத்தான் கப்பலேறுனோம். இப்ப எந்தத் தூருன்னு எனக்கே தெரியாது. அது மேல நின்னு எவளோ கொழுந்து பறிச்சுக்கிட்டிருப்பா. நான் அந்த எவளாவும் இருக்க மாட்டேன்" என்றார்.

மறுநாள் காலை பெண்கள் கத்தியோடு சோலையின் ஓரத்தில் நின்றார்கள். "ஒரு கல்லைக் காட்டுங்க, நிறுத்திடறேன்" என்றார் மேனேஜர். பாடியைச் சேர்ந்த மாதி என்பவள், அக்காவின் வயதுக்காரி, தலைகுனிந்து நின்றாள். அக்காதான் முன்னால் வந்தார்.

"கல்லு இல்லீங்க சேர். பேர் இருக்கு. மாதி பெரட்டுக் கூப்பிடட்டும்."

மாதி மரத்துக்கு மரம் போய், ஒவ்வொன்றின் அடியிலும் நின்று ஒரு பெயரைக் கூப்பிட்டாள். கரிம்பன். வெள்ளச்சி. சாத்தன். ஒரு பெயருக்கு ஒரே அழைப்பு. அவர்களில் சிலர் எங்கள் பெண்களோடு வேலை செய்தவர்கள். சில்வண்டுகளின் இரைச்சல் அடங்கிவிட்டது. ஏதோ ஒரு பெயருக்கு உள்ளேயிருந்து "இருக்கேன்" என்று கேட்டது. எதிரொலி என்றால் அந்தப் பெயரல்லவா திரும்ப வரவேண்டும்? ஒரு கத்தி கீழே விழுந்தது. பிறகு எல்லாரும் போட்டுவிட்டார்கள். மேனேஜர் ஜீப்புக்குப் போனார்.

"அது நீங்கதானே அக்கா?" என்று வழியில் கேட்டேன். "என் வாய் நெறைய வெத்தல இருந்துச்சே தம்பி" என்றார். சிரிக்கவில்லை.

அக்கா போனதும் எஸ்டேட்டுக்குத் தைரியம் திரும்பிவிட்டது. அவரை அடக்கம் செய்த ஈரம் காயுமுன்பே, நிலத்தைப் பார்வையிட அரசு அதிகாரி ஒருவர் வந்தார். மாதி மறுபடியும் மரம் மரமாகப் பெயர் சொன்னாள். கடைசியில் எங்கள் பெண்கள் கத்தியைப் போட்ட இடத்துக்கு வந்து நின்று, "முத்துலெச்சுமி" என்றாள்.

"அவங்கள இங்க பொதைக்கலையே?" என்றார் அதிகாரி.

"அவளும் நம்ம ஆளு தன்னெ" என்றாள் மாதி. இரண்டாவது முறை கூப்பிடவில்லை.

அக்கா சொல்லித்தந்தபடி வாயை மூடிக்கொண்டு நின்றேன். உள்ளேயிருந்து சத்தமே இல்லை. எஸ்டேட் ஆட்களில் ஒருவன் சிரித்தான். கேட்பதற்கு ஆளில்லாத இடம் என்று அவன் அந்த அதிகாரியிடம் சொல்ல வாயெடுத்தபோது, எனக்குப் பொறுக்கவில்லை.

"இருக்கேன்" என்றேன்.

அதிகாரியின் முடிவு இன்னும் வரவில்லை, சோலை நிற்கிறது. அன்று திரும்பும் வழியில் சூப்பர்வைசர் என் அருகில் வந்து, "அண்ணா, உங்ககூடச் சேந்து சொன்னது யாருங்க?" என்று கேட்டார். என் பக்கத்தில் யாரும் நிற்கவில்லை.

அக்காவுடையது என்று என்னிடம் இருப்பது அந்தப் பெரட்டில் அவர் பெயருக்குச் சொல்ல வேண்டிய பதில் ஒன்றுதான். மாதி அடுத்த முறை கூப்பிடும்போதும் போய் நிற்பேன். பயந்துகொண்டேதான் நிற்பேன்.