திதிக்கு மறுநாள்

தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் ஓடுகிற பஸ்ஸில் பால்வண்ணநாதன் கண்டக்டர். சாரல் மாதங்களில் ஈரத்துண்டும் எண்ணெய் வாசனையுமாக ஏறுகிற கூட்டத்துக்கு டிக்கெட் கிழித்தே பாதி ஆயுசு போய்விட்டது. நாற்பதைத் தாண்டிய அந்த மனிதருக்குப் பிறந்தநாள் என்று ஒன்று இருந்ததே கிடையாது. ஓர் ஆடி மாதத்தில் அவரைப் பெற்றுப்போட்ட கையோடு அம்மா கண்ணை மூடிவிட்டாள். அதனால் வீட்டில் அந்த நாளுக்கு அம்மா திதி என்றே பெயர்.

திதிச் சாப்பாடு லேசுப்பட்டதா? தலைவாழை இலை, பாயசம், உளுந்தவடை. சின்ன வயதில் அத்தனையும் தனக்காகத்தான் என்று நம்பிக்கொண்டிருந்தார். ஒரு வருஷம் பள்ளிக்கூடத்துக் கூட்டாளியைக்கூட அழைத்து வந்து பக்கத்து இலையில் உட்கார்த்திவிட்டு, "அத்த, எம் பொறந்தநாளுல்லா, இன்னொரு வட வையிங்க" என்று கேட்டார்.

"ஒங்கம்மயத் தின்னுட்டுப் பொறந்த நாளுலே இது. ஒனக்கு வட கேக்குதோ?" என்றாள் அப்பாவின் தங்கை.

அப்பா எதிர் இலையில்தான் இருந்தார். ஒரு சொல் சொல்லியிருக்கலாம். என்ன குறைந்துவிடும்? குனிந்த தலை குனிந்தபடியே ரசத்துக்குக் குழி பறித்துக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு அந்த நாளில் பால்வண்ணநாதன் இன்னொரு வடை கேட்டதில்லை. ஒன்றோடு எழுந்துவிடுவார்.

திதியும் நட்சத்திரமும் எல்லா வருஷமும் ஒரே நாளில் விழுவதில்லை. அப்பா இருந்தவரை அதைச் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. அவரும் போய் வருஷம் திரும்பிய பிறகு, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்து நாலாம் ஆண்டு ஆடியில், அம்மாவுக்குத் திதி கொடுத்த அன்று சாயங்காலம் மனைவி முத்துவடிவு காலண்டர் முன்னால் நின்றாள்.

"இந்தாருங்க, திதி இன்னைக்கோட முடிஞ்சிட்டு. ஒங்க நட்சத்திரம் நாளைக்குத்தான் வருது. லீவு போட்டுட்டு அருவியில குளிச்சிட்டு வாங்க. நான் வட சுடுதேன்."

"எதுக்கு?"

"பொறந்ததுக்கு" என்றாள்.

மறுநாள் அதே பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து போனார். கூட வேலை பார்க்கிற வேல்சாமி, "அண்ணாச்சி, ஒங்களுக்கு டிக்கெட்டா?" என்று சிரித்தான். இவருக்கும் சிரிக்க ஆசைதான். இத்தனை வருஷம் அருவியில் குளித்துவிட்டு ஏறுகிற எத்தனை பேர் முகத்தில் அந்தக் குதூகலத்தைப் பார்த்திருக்கிறார்! இன்று ஒரு நாளாவது தனக்கும் அது வந்துவிட வேண்டும் என்று மனசார விரும்பினார். அருவிக்கடியில் போய் நின்றார். தண்ணீர் தலையில் அறைந்தது; முதுகு மரத்தது. மற்றவர்கள் ஹோவென்று கத்தினார்கள். இவர் இன்னும் கொஞ்சம் நின்று பார்த்தார். ஒன்றும் வரவில்லை. துண்டைப் பிழிந்துகொண்டு வீடு திரும்பினார்.

இலை போட்டிருந்தது. பாயசம், வடை, நேற்றைக்குப் போலவே எல்லாம். பால்வண்ணநாதன் உட்காரவில்லை. சோற்றில் பருப்பை விட்டுப் பிசைந்து, ஒரு பிடி எடுத்து, வடையில் ஒரு விள்ளல் வைத்து, கொல்லைக்குப் போனார். மதில் பக்கம் பார்த்து, "கா... கா..." என்று கூப்பிட்டார்.

முத்துவடிவு பின்னாலேயே வந்தாள். "என்ன செய்யுதிய? ஒங்கம்மைக்கு நேத்தே வச்சாச்சுல்லா. இது ஒங்களுக்குச் சமைச்சது."

கூப்பிட்ட குரலுக்குக் காக்கை வந்து மதிலில் உட்கார்ந்துவிட்டது. பால்வண்ணநாதன் கையிலிருந்த பிடிச்சோற்றைப் பார்த்தார். காக்கையைப் பார்த்தார். பிறகு அந்தப் பிடியைத் தன் வாயில் போட்டு மென்றார். கண்ணில் ஒரு சொட்டு வரவில்லை, சந்தோஷமும் வரவில்லை. உப்பு மட்டும் சரியாக இருந்தது.

உள்ளே வந்து இலை முன் உட்கார்ந்தார். வடையைத் தின்று முடித்தார். எழுந்திருக்கக் கையை ஊன்றியவர் அப்படியே இருந்தார்.

"இன்னொரு வட வையி" என்றார்.