தோற்றுக்கொண்டிருந்த அணியின் பிசியோ

1. பதின்மூன்று பேர்

ஜெர்மனியின் எசன் நகரில் ஒரு மருத்துவமனையில் பல ஆண்டுகள் பிசியோதெரபிஸ்டாக இருந்தேன். முழங்கால் மாற்றியவர்களை நடக்க வைப்பதுதான் வேலை. அதை விட்டு ஒரு ரக்பி லீக் கழகத்தில் சேர்ந்தபோது, அந்த ஆட்டத்தில் பக்கத்துக்குப் பதின்மூன்று பேர் என்பதே எனக்குப் புதுச் செய்தி.

முதல் நாள் பயிற்சியாளர் ஹோல்கர் என்னை உடைமாற்றும் அறைக்குள் கூட்டிச் சென்றார். “சனிக்கிழமை பதின்மூன்று பேர் காலில் நிற்கவேணும். அதுதான் உங்கட வேலை” என்று ஜெர்மனில் சொன்னார். பகிடி என்று நினைத்துச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

அணித்தலைவர் நிரூபன், எசனிலேயே வளர்ந்த யாழ்ப்பாணத்துக் குடும்பத்துப் பிள்ளை. வயது இருபத்தொன்பது. நான் பேர் சொல்லிக் கூப்பிட்டதும் தமிழுக்கு மாறினார்.

“அக்கா, இவ்வளவு வருசத்தில இந்தக் கழகத்தில என்ர பேரை முழுசாச் சொன்ன முதல் ஆள் நீங்கள்தான்.”

அன்றே எனக்கு அவரைப் பிடித்துவிட்டது. அது பிறகு பிரச்சினையானது.

2. மேலே இருந்த தாள்

முதல் ஆறு ஆட்டங்களும் தோல்வி. தோற்கும் அணியில் காயங்களின் குணம் மாறிவிடும். சிலருக்குச் சின்ன நோவும் பெரிதாகிவிடும். வேறு சிலர் விரல் முறிந்தாலும் வாய் திறக்கமாட்டார்கள். நிரூபன் இரண்டாவது ரகம்.

தலையில் அடிபட்டால் வீரரை வெளியே எடுத்துப் பதினைந்து நிமிடத்துக்குள் சோதிக்கவேண்டும். ஐந்து சொற்களை வாசிப்போம், அவர் திருப்பிச் சொல்லவேண்டும். பிறகு நேர்கோட்டில் நடக்கவேண்டும், ஒற்றைக்காலில் நிற்கவேண்டும். என் கோப்பில் ஆறு சொற்பட்டியல்கள் இருந்தன. நான் எப்போதும் மேலே கிடந்த தாளையே வாசித்தேன். வேறு காரணம் இல்லை, அது மேலே கிடந்தது.

அந்தப் பருவத்தில் கடைசி ஆட்டத்துக்கு முன் நிரூபனை மூன்று தடவை சோதித்தேன். மூன்று தடவையும் ஐந்துக்கு ஐந்து. மூன்று தடவையும் உள்ளே அனுப்பினேன்.

3. கடைசி ஆட்டம்

வென்றால் பிரிவில் தங்கலாம், தோற்றால் கீழிறங்கவேண்டும். காலையிலிருந்தே மழை. முடிய இருபது நிமிடம் இருக்கையில் நாங்கள் இரண்டு புள்ளி முன்னால் நின்றோம். அப்போது எதிராளியைப் பிடித்து வீழ்த்தும் ஒரு டேக்கிளில் நிரூபனின் தலை அவரின் இடுப்பெலும்பில் மோதியது. அவர் உடனே எழும்பினார். ஆனால் எங்கள் வரிசைக்குப் போகாமல் எதிரணியின் பக்கம் நடந்தார்.

நடுவர் அவரைச் சோதனைக்காக வெளியே அனுப்பினார். அறையில் கோப்பைத் திறந்தேன். மேல்தாள் மழையில் ஊறி, மை பரவிக் கிடந்தது. இரண்டாவதை எடுத்தேன்.

“அக்கா, எனக்கு ஒண்டுமில்லை. கெதியா வாசியுங்கோ.”

வாசித்தேன். கதிரை, எலுமிச்சை, பாலம், மணல், போர்வை. ஜெர்மன் சொற்கள்தான், இங்கே தமிழில் எழுதுகிறேன்.

அவர் தயங்கவே இல்லை. “விரல், வெண்ணெய், கண்ணாடி, ஏணி, குதிரை.”

அவர் சொன்னது மேல்தாளின் பட்டியல். ஒரு சொல் பிசகவில்லை, வரிசைகூட மாறவில்லை.

“தம்பி, நீங்கள் திரும்பப் போக ஏலாது.”

“அஞ்சும் சரியாத்தானே சொன்னனான்!”

“நான் வாசிச்சது வேற.”

அவர் என் முகத்தையே பார்த்தார். பிறகு கத்தினார். “நீங்கள் எங்கட ஆள் எண்டு நினைச்சன்! பத்து வருசம் இந்த ஜெர்சிக்காக விளையாடினனான். விடுங்கோ என்னை!”

ஹோல்கர் கதவைத் திறந்தார். “பத்து நிமிடம்தான் இருக்கு. அவன் எழும்பி நிற்கிறான். ஆடலாம் என்று கையெழுத்தைப் போடுங்கள்.”

“போடமாட்டேன்” என்றேன். அவர் கதவை அடித்துச் சாத்திவிட்டுப் போனார். அணி நான்கு புள்ளி வித்தியாசத்தில் தோற்றது. எங்கள் வீரர்கள் சேற்றில் முழந்தாளிட்டு அழுததை யன்னல் வழியாகப் பார்த்தேன்.

4. மருத்துவமனையில்

மூளையில் இரத்தக்கசிவு இல்லை என்று ஸ்கேன் காட்டியது. ஆனால் இது முதல் அடி இல்லை, இனி ஆடக்கூடாது என்றார் மருத்துவர். மறுநாள் போய்ப் பார்த்தேன். வெளிச்சம் தாங்க ஏலாமல் யன்னல் சீலையை இழுத்துவிட்டிருந்தார்.

“மற்ற மூண்டு தரமும் தலை சுத்தினதோ?” என்று கேட்டேன்.

“ஓம் அக்கா. ஒருக்கா பந்து ரெண்டாத் தெரிஞ்சது.” பிறகு சொன்னார்: “நீங்கள் எல்லாருக்கும் அதே அஞ்சு சொல்லைத்தானே வாசிச்சனீங்கள். உடுப்பு மாத்துற கபீனேக்குள்ள எல்லாருக்கும் அது பாடம்.”

அவர் குற்றம் சாட்டவில்லை, தகவல் சொன்னார். அதுதான் தாங்கமுடியாமல் இருந்தது.

அன்று மாலையே கழகத்துக்கு அறிக்கை எழுதினேன். பருவம் முழுவதும் ஒரே பட்டியலைப் பயன்படுத்தியதையும், மூன்று தடவை அவரைத் தவறாக உள்ளே அனுப்பியதையும் எழுதினேன். “இதையெல்லாம் நீங்களே ஏன் எழுதுறீங்கள்?” என்று கழக மேலாளர் கேட்டார். எழுதாவிட்டால் அடுத்து வருபவரும் மேலே கிடக்கும் தாளைத்தான் எடுப்பார் என்றேன். அடுத்த பருவத்துக்கு என் ஒப்பந்தத்தை அவர்கள் நீட்டவில்லை.

இந்த வேலைக்கு வரும் இளையவர்களுக்கு ஒன்று சொல்வேன். ஆட விரும்புகிறவர் உங்களை ஏமாற்றத்தான் பார்ப்பார். அவர்மேல் கோபப்படாதீர்கள். அவர் ஏமாற்றமுடியாதபடி சோதனை செய்வது உங்கள் பொறுப்பு. உங்களுக்குப் பிடித்தவர் என்றால் இன்னும் கவனமாக இருங்கள்.

அன்று மருத்துவமனையில் நான் விடைபெற எழும்பியபோது நிரூபன் கையைப் பிடித்து நிறுத்தினார்.

“அக்கா, நேற்று நாங்கள் வெண்டனாங்களோ?”

அந்த அறைக்குள் நான் வந்த பிறகு அதை அவர் மூன்றாவது தடவையாகக் கேட்டார். மூன்றாவது தடவையும் உண்மையைச் சொன்னேன். மூன்றாவது தடவையும் அவர் அதை முதன்முதலாகக் கேட்டவர்போல் அழுதார்.