வேறு ஊர்த் தகடு

மாமல்லபுரம் கடற்கரையில் ஞாயிறு மாலைகளில் அவர் ஆஸ்ட்ரோலேப் காட்டுவார். அணு ஆராய்ச்சியில் இருந்து ஓய்வு பெற்றவர். பேசும்போது மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொள்வார். கையகலப் பித்தளை வட்டு அது. கடிகாரம் வருவதற்கு முன் சூரியனின் உயரத்தை இதில் அளந்துதான் மணி பார்த்தார்கள் என்பார்.

அன்று உயரத்தை அவர் மனைவி அளந்து சொன்னார். அவர் வட்டைத் திருப்பி மணியை அறிவித்தார்.

“இன்னா சார், போன்ல நாலு ஆவுது, நீங்க ரெண்டுன்றீங்க?” என்றார் சுண்டல்காரர். கூட்டம் சிரித்தது. அதில் நானும் இருந்தேன்.

அவர் தன் மனைவி பக்கம் திரும்பினார். “ஒழுங்கா அளக்கக்கூடத் தெரியல. உன்னை நம்பினேன் பாரு!”

அந்த அம்மாள் மணலில் போய் உட்கார்ந்தார். கூட்டம் கலைந்தது.

அவரே அளந்தபோதும் அதே உயரம்தான் வந்தது. வட்டைக் கழற்றிப் பார்த்தார். உயரத்தை மணியாக மாற்ற ஒவ்வோர் ஊருக்கும் உள்ளே தனித் தகடு உண்டு. யாருக்கோ காட்டுவதற்காகப் போட்ட லண்டன் தகட்டை மாற்ற மறந்திருந்தார். முகம் செத்துவிட்டது.

மனைவியிடம் குனிந்து, “தப்பு என்னுதுதான், மன்னிச்சுடு,” என்றார் மெதுவாக.

“திட்டினது மட்டும் எல்லாருக்கும் கேட்டுச்சு,” என்றார் அந்த அம்மாள்.

அவர் நிமிர்ந்தார். சுண்டல்காரரிடம் போனார், அலையில் நின்றவர்களிடம் போனார். ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டிருந்த என்னிடமும் வந்தார்.

“என் மனைவி அளந்தது சரிங்க. தப்பு பண்ணது நான்.”

என் முகத்தைப் பார்க்க அவரால் முடியவில்லை. ஆனாலும் சொல்லிவிட்டு, கூட்டத்தில் நின்ற மற்றவர்களோடு புறப்படவிருந்த வேனை நோக்கி ஓடினார்.