முப்பத்தெட்டு நிமிடம் முன்னால்

சரிதாவைப் பற்றி எழுதப் போகிறேன் என்றதும் எங்கள் ஆசிரியர் அறையில் ஒருவர், "லேப் சரிதாவா? அவங்களப் பத்தி எழுத இன்னா இருக்குது?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்காகவே எழுதுகிறேன்.

ஆலங்காயத்துக்குப் பக்கத்தில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளி. நான் தமிழாசிரியர், சரிதா ஆய்வக உதவியாளர். வயது முப்பத்தாறு. என் தங்கையைவிடச் சின்னவள், அதனால் 'அவள்' என்றே எழுதுகிறேன். இயற்பியல் பட்டம் வாங்கியவள். ஆனாலும் பள்ளியில் அவளுக்குச் சோதனைக் குழாய் கழுவுவதும் அமிலப் புட்டிகளுக்குச் சீட்டு ஒட்டுவதும்தான் வேலை. உண்மையான வேலை மலைமேல், நெல்லிவாசல்நாட்டில் நடக்கிறது. அங்கே சாமை பயிரிடும் வடிவு என்ற அம்மாவின் மொட்டை மாடியில், எட்டு அங்குலத் தொலைநோக்கி ஒன்றைத் தார்ப்பாய் போர்த்தி வைத்திருக்கிறாள். கீழே ஊர் வெளிச்சம் அதிகம் என்பதால் அங்கே போகிறாள்.

அவள் நேரம் குறிக்கும் கோளுக்குப் பெயர் கிடையாது, வெறும் எண்கள்தான். நம் வியாழனைவிடப் பெரியது. தன் சூரியனை ஒட்டியே சுற்றுவதால் அதற்கு ஒரு வருடம் என்பது நமக்குக் கிட்டத்தட்ட மூன்று நாள். பகல் பக்கத்தில் ஆயிரம் டிகிரிக்கு மேல் கொதிக்கும். தன் சூரியனுக்கு முன்னால் அது கடக்கும்போது வெளிச்சம் நூற்றில் ஒரு பங்கு மங்கும். அந்த நேரத்தில் ஒளியில் துளியூண்டு, கோளின் காற்று விளிம்பு வழியாக வருகிறது. விண்வெளித் தொலைநோக்கி அந்த ஒளியைப் பிரித்துப் பார்த்து, காற்றில் நீராவி உண்டா, சோடியம் உண்டா, மேகம் உண்டா என்று சொல்லிவிடும். இதை என் மண்டையில் ஏற்ற அவளுக்கு நான்கு மதிய உணவு வேளைகள் ஆயின.

இந்தக் கடப்பின் முதல் கால் மணி நேரம்தான் உயிர்நாடி. அப்போது கோளின் முன் விளிம்பு மட்டுமே சூரியன்மேல் படிந்திருக்கும். கோளின் ஒரே பக்கம்தான் எப்போதும் சூரியனைப் பார்க்கும், அதனால் அந்த விளிம்பில் எப்போதும் விடியற்காலை. இரவுப் பக்கத்திலிருந்து ஆறி வரும் காற்று அங்கே இருக்கிறது. அந்தக் கால் மணி நேரத்தைத் தவறவிட்டால் அந்தக் காற்றைத் தனியாகப் பார்க்க முடியாது.

விண்வெளித் தொலைநோக்கி அந்தக் கோளுக்காக மாசி மாதத்தில் ஒரே ஒரு முறை திரும்ப இருந்தது. கணித்த நேரத்துக்கு அரை மணி முன்பு பார்க்கத் தொடங்கும் என்று திட்டம். அந்தக் கணிப்பைச் சரிபார்க்க, சின்னத் தொலைநோக்கி வைத்திருக்கும் நாற்பது பேர் ஒரு வாட்ஸ்அப் குழுவில் இருந்தார்கள். அதை நடத்தியவர் கோகுலகிருஷ்ணன், நகரத்துக் கல்லூரி ஒன்றில் பேராசிரியர். கணிப்புக்கு ஆதாரமான பழைய கடப்பு நேரப் பட்டியலும் அவர் தொகுத்ததுதான்.

மலைக்கு மாலை ஐந்தரை ஷேர் ஜீப்பை விட்டால் வேறு வண்டி இல்லை. கணிப்பு ஒன்பது மணி என்றாலும், சும்மா உட்கார மனமில்லாமல் சரிதா ஏழு மணிக்கே கேமராவை ஓடவிடுவாள். மார்கழியில் மூன்று கடப்புகள் அவளுக்குக் கிடைத்தன. மற்றவர்களுக்கு எல்லா இடத்திலும் மேகம். மூன்று முறையும் கோள் முப்பத்தெட்டு நிமிடம் முன்னதாகவே வந்துவிட்டது. விண்வெளித் தொலைநோக்கி திட்டப்படி அரை மணி முன்பு தொடங்கினால் அந்தக் கால் மணி நேரத்தில் முதல் பாதி போய்விடும்.

மூன்று நேரங்களையும் குழுவில் போட்டாள். கோகுலகிருஷ்ணன் எல்லோரும் பார்க்கும்படி ஒரே வரி எழுதினார்: "மலையில் கடிகாரம் தவறு. இந்த மூன்று புள்ளிகளையும் நீக்குகிறேன்."

மறுநாள் ஆய்வகத்தில் அவள் அவருக்குப் போன் செய்தபோது நானும் அங்கே இருந்தேன். ஒலிபெருக்கியில் போட்டாள்.

"மலையில கரண்ட் போய்ப் போய் வரும், லேப்டாப் நேரம் மாறிடும்மா. சகஜம்தான்," என்றார் அவர்.

"லேப்டாப் நேரத்த நான் எடுக்கறதே இல்லிங்க சார். ஜி.பி.எஸ். சாட்டிலைட்லேருந்து வர்ற நேரம்."

"ஒரு நிமிஷம் ரெண்டு நிமிஷம்னா யோசிக்கலாம். முப்பத்தெட்டு நிமிஷம்னா யாரும்மா நம்புவாங்க? அந்த மூணையும் விட்டுடுங்க. மத்த கோளுக்கு நீங்க குடுத்ததெல்லாம் நல்லா இருக்கு. கட்டுரையில உங்க பேர் வரும்."

"வாணாங்க சார். அந்த மூணு இல்லாம என் பேரு வாணாம்," என்று போனை வைத்துவிட்டாள்.

எனக்குப் பயமாக இருந்தது. பெரிய இடத்தோடு மோதுகிறாளே என்று நினைத்தேன். அப்படி நினைத்ததற்கு இப்போது வெட்கப்படுகிறேன்.

பொங்கல் விடுமுறை முழுவதும் பழைய பட்டியலை வரிவரியாகத் தோண்டினாள். பூமி சூரியனைச் சுற்றுவதால் ஒரு விண்மீனுக்குச் சில மாதம் கிட்டே வருகிறோம், சில மாதம் தள்ளிப் போகிறோம். அதற்கேற்ப ஒளி எட்டு நிமிடம் வரை முந்தியோ பிந்தியோ வரும். அதனால் குறித்த நேரத்தையெல்லாம் சூரியனில் உட்கார்ந்து பார்த்ததுபோல் மாற்றி எழுதுவது வழக்கம். பட்டியலில் இரண்டாம் வருடத்து நேரங்கள் மட்டும் மாதத்தோடு சேர்ந்து ஏறி இறங்கின. உடனே அவளுக்குப் பிடிபட்டது. மென்பொருள் ஏற்கெனவே மாற்றிக் கொடுத்த நேரத்தைத் தொகுத்தவர் இன்னொரு முறை மாற்றியிருக்கிறார். இரண்டு சூரியத் திருத்தம்! ஒரு வருட இடைவெளியில் கிட்டத்தட்ட எட்டு நிமிடம் தவறினால், அதை வைத்து ஐந்து வருடம் முன்னோக்கிக் கணிக்கும்போது முப்பத்தெட்டு ஆகிவிடுகிறது.

இதைக் குழுவில் எழுதினாள். அரை மணி நேரத்தில் அவளைக் குழுவிலிருந்து நீக்கிவிட்டார்கள். நாற்பது பேரில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. வேலூரில் கல்லூரியில் படிக்கும் பூஜா என்ற பெண் மட்டும் தனியாக எழுதினாள்: "அக்கா, நீங்க சொல்றது சரின்னு தோணுது. குரூப்புல சொல்ல பயமா இருக்குது."

"பாத்தீங்களா ஐயா," என்று அதை என்னிடம் காட்டினாள் சரிதா. "என்ன வெரட்டுனது போவட்டும். இந்தப் பொண்ணு இனிமே தான் பாத்தத, பாத்தேன்னு சொல்லுமா?"

அன்று மாலையே மூன்று கடப்புகளின் படங்கள் அனைத்தையும், தன் கணக்கையும், பட்டியலின் பிழையையும், உலகத்தில் யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கும் பொதுத் தளத்தில் ஏற்றினாள். கீழே முழுப் பெயர், ஊர். தவறாக இருந்தால் உலகமே சிரிக்கும். "சிரிச்சா சிரிக்கட்டுங்க" என்றாள். வடிவு அம்மாள், "உம் பேரோட எங்கூரு பேரையும் போட்டுட்டியா? அப்ப தப்பாவக் கூடாது," என்று சொன்னாராம்.

எட்டாம் நாள், விண்வெளித் தொலைநோக்கியின் திட்டத்தை வகுக்கும் வெளிநாட்டுப் பெண் ஒருவரிடமிருந்து இரண்டு வரிக் கடிதம் வந்தது. படங்களைத் தானே அளந்து பார்த்ததாகவும், தொடக்கத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளியதாகவும் எழுதியிருந்தார். மாசியில் தொலைநோக்கி பார்த்தது. சரிதா சொன்ன நேரத்துக்கு நாற்பது விநாடி தள்ளி வெளிச்சம் மங்கத் தொடங்கியது. விடியல் விளிம்பின் காற்று தனியாகக் கிடைத்தது. அங்கே மேகம் இருந்ததாம். பின்னால் வரும் மாலை விளிம்பில் இல்லையாம்.

கோகுலகிருஷ்ணன் பங்குனியில் கூப்பிட்டார். மறுபடி ஒலிபெருக்கி.

"ஒரு சின்னக் குழப்பம் நடந்துபோச்சும்மா. நான் தனிப்பட்ட முறையில வருத்தம் தெரிவிச்சிக்கிறேன். உங்கள மறுபடி குரூப்புல சேத்துடறேன்."

"சேக்க வாணாங்க சார். என் கடிகாரம் தப்புன்னு எங்க சொன்னீங்களோ அங்கயே சரின்னு சொல்லுங்க."

"அது… பட்டியல அமைதியா திருத்திட்டேனே."

"அமைதியா திருத்துனா அந்த நாப்பது பேருக்கு எப்பிடிங்க தெரியும்? என் கடிகாரம் தப்புன்னு மட்டும் சத்தமாத்தான சொன்னீங்க?"

மூன்று நாள் ஒன்றும் நடக்கவில்லை. நான்காம் நாள், ஒன்பதாம் வகுப்புக்காகக் குடுவைகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது அவள் போன் ஒலித்தது. பூஜா குழுவின் திரையைப் படம் பிடித்து அனுப்பியிருந்தாள். கோகுலகிருஷ்ணன் எழுதியிருந்தார்: "சரிதாவின் கடிகாரம் சரி. தவறு என் பட்டியலில் இருந்தது."

அதற்குக் கீழே, நாற்பது பேரும் பார்க்கும்படி, பூஜா தன் பெயரிலேயே எழுதியிருந்தாள்: "சார், போன வருஷம் என்னோட ரெண்டு புள்ளிய நீக்குனீங்க. அதையும் எடுத்துப் பாருங்க. நான் சரியாத்தான் பாத்தேன்."