தண்ணீர் வந்த ஞாயிறுகள்

என் தம்பியின் தொண்டையில் வளர்ந்திருப்பது புற்று என்று உறுதியானபோது, ஒரு மாதம் கழித்து அறுவை என்று நாள் குறித்தார்கள். குரல்வளையை முழுவதுமாக எடுத்துவிடுவார்கள். உயிர் நிற்கும், குரல் நிற்காது. அவன் தன் மகளோடு கடல் கடந்த ஒரு குளிர்நாட்டில் இருக்கிறான். நான் திண்டுக்கல்லில் இருக்கிறேன். அவ்வளவு தொலைவு வானூர்தியில் செல்வதற்கு என் இதயம் இடங்கொடாது என்று மருத்துவர் முன்பே தடுத்திருந்தார். ஆகவே அவன் குரலைக் கேட்க எனக்கு எஞ்சியிருந்தவை நான்கு ஞாயிற்றுக்கிழமைகள். நமக்கு மாலையாகவும் அவனுக்குக் காலையாகவும் இருக்கும் அந்த ஒரு மணி நேரத்தில்தான் நாங்கள் பேசுவது வழக்கம்.

அவன் குரல் ஏற்கெனவே பாதி தேய்ந்திருந்தது. உதட்டசைவைப் பார்த்தால்தான் சொல் விளங்கும். கைப்பேசியின் சிறு திரை என் கண்ணுக்குப் போதாது என்பதால் மடிக்கணினியில் பேசினேன். வாசலறையில் அமர்ந்தால் சாணார்பட்டிப் பக்கம் போகும் பேருந்துகளின் ஒலிப்பான் காதைப் பிளக்கும். அதனால் வீட்டின் கடைக்கோடியில் இருக்கும் அறையைத் தேர்ந்தேன். அங்கே தரையில் அமர்ந்து எழுதுவதற்கான சாய்வு மேசை ஒன்று உண்டு. கணினியை அதன்மேல் வைத்துக்கொள்வேன். அவனைத் தெளிவாகக் கேட்க வேண்டும் என்பதற்காகவே அந்த அறையைத் தேர்ந்தேன் என்பதை இங்கே எழுதிவைக்க விரும்புகிறேன்.

வைஃபை பெட்டி வாசலறைச் சன்னலின் கீழே ஒரு முக்காலியில் இருந்தது. வாசலறைக்கும் கடைசி அறைக்கும் நடுவில் ஒடுங்கிய நடை. எங்கள் தெருவுக்குக் குடிநீர் எட்டு நாளுக்கு ஒருமுறை வரும். சில வேளை இரண்டு வாரமும் ஆகும். வரும்போது பிடித்துவைக்காவிட்டால் அடுத்த முறை வரை வாய் நனைக்க வழியில்லை. வெயில் பட்டால் பாசி பிடிக்கும் என்று, நீலநிறப் பிளாஸ்டிக் டிரம்கள் ஆறையும் அந்த நடையில்தான் இரட்டை வரிசையாக வைத்திருந்தோம். இந்த ஊரில் இப்படி வைக்காத வீடு குறைவு.

முதல் ஞாயிறு, இணைப்பு கிடைத்த ஐந்தாம் நிமிடத்தில் அவன் முகம் உறைந்தது. வாய் பாதி திறந்தபடி நின்றது. திரையின் மூலையில் விசிறிபோல் விரியும் அந்தக் குறி ஒற்றைப் புள்ளியாகச் சுருங்கி, மீண்டும் விரிந்து, மீண்டும் சுருங்கியது. கணினியை அணைத்துத் திறந்தேன். பெட்டியின் மின்சாரத்தைத் துண்டித்து, முப்பது எண்ணி, மறுபடியும் கொடுத்தேன். கடவுச்சொல்லை அழித்துப் புதிதாக இட்டேன். ஒரு மணி நேரத்தில் அவன் பேசியது பத்துச் சொல்லுக்குமேல் என் காதில் விழவில்லை.

மறுநாள் இணைப்புக் கொடுத்தவரை வரவழைத்தேன். வாசலறையில் நின்று தம் கைப்பேசியில் பார்த்துவிட்டு, "பெட்டியில ஒன்னுமே இல்ல சார். பறக்குது. உங்க லேப்டாப்புதான் படுத்திருச்சு" என்றார். கணினியைப் பேருந்து நிலையத்துக்கு அருகிலிருக்கும் பழுதுபார்ப்புக் கடைக்குக் கொண்டுபோனேன். அங்கே அது சிறிதும் பிசகாமல் வேலைசெய்தது. "சார், இது நல்லாத்தான ஓடுது. லைன்காரன் அவன் தப்ப உங்க தலையில கட்டுறான்" என்றார் கடைக்காரர். வந்ததற்கு ஏதேனும் செய்தாக வேண்டும் என்பதுபோல உள்ளே இருந்த சிறு வைஃபை அட்டையை மாற்றிக் கொடுத்தார்.

இரண்டாம் ஞாயிறு இணைப்பு ஒருமுறைகூட அறுபடவில்லை. புது அட்டையின் பயன் என்று நம்பினேன். தம்பி உற்சாகமாக இருந்தான். இளமையில் நிலக்கோட்டையிலிருந்து மல்லிகை ஏற்றிவரும் வேனில் மூட்டைகளின்மேல் அமர்ந்து இருவரும் கல்லூரிக்கு வந்ததை எடுத்தான். "அண்ணே, ஒங்கள வகுப்புல எல்லாரும் 'என்னப்பா, இன்னைக்கும் கல்யாணமா'ன்னு கேப்பாங்களே" என்று அந்தக் கரகரப்பிலேயே சிரித்தான். என் மனைவி எட்டிப்பார்த்து, "இப்பவும் அப்படித்தான் மணக்குறாரு, தைல வாசன" என்றாள். "மதினி, நீங்க இன்னும் திருந்தலையா" என்றான். முழுதாக ஒரு மணி நேரம். அதைப் பதிந்துவைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவேயில்லை. இன்னும் இரண்டு ஞாயிறு இருந்தது.

மூன்றாம் ஞாயிறு பழையபடி உடைந்தது. உறைந்த முகம், அறுந்த சொல், சுருங்கிய குறி. அன்றுதான் என் மனைவி, "அடுத்த வாரமாச்சும் அவரு கொரலப் பதிஞ்சு வைங்க. அவரு மக மாசமா இருக்கா. பொறக்குற பிள்ளைக்குத் தாத்தா கொரல்னு ஒன்னு வேணும்ல" என்றாள். அவன் அங்கிருந்தே தனியாகப் பேசிப் பதிந்து அனுப்பலாமே என்று எழுதிக் கேட்டேன். அவனும் எழுத்திலேயே விடையிறுத்தான்: 'தனியா உக்காந்து பேசுனா மரண வாக்குமூலம் மாதிரி இருக்குண்ணே. மகளும் ரெண்டு தடவ உக்கார வச்சா. வாயே வரல. நீங்க எதுக்க இருந்தாத்தான் பேச்சு வரும்.'

அன்றைக்கு இன்னொன்றும் நடந்தது. நடையில் டிரம்களின் மூடியைத் துடைத்துக்கொண்டிருந்த மனைவி, "ஏங்க, நான் ஒன்னு சொல்றேன், சிரிக்கக் கூடாது. தண்ணி வந்து நெறச்சு வச்சா இது நின்னுபோகுது. கொறஞ்சா நல்லா ஓடுது. மொத வாரமும் அப்படித்தான், இந்த வாரமும் அப்படித்தான்" என்றாள்.

நான் சிரித்தேன். "அப்ப மாநகராட்சிக்கு ஒரு மனு போடுவோம். தண்ணீர் விடாதீர்கள், தம்பியோடு பேச வேண்டும் என்று" என்றேன்.

"போடுங்க, ஒங்களுக்கென்ன. கொடம் தூக்குறது நானுல்ல" என்று சொல்லிவிட்டு அவள் அடுக்களைக்குப் போய்விட்டாள். அவள் சொன்னதில் இருந்த ஒழுங்கை, காரணத்துக்கும் விளைவுக்கும் இடையே அவள் கண்ட தொடர்ச்சியை, நான் ஆராயவே இல்லை. வாழ்நாள் முழுவதும் மாணவர்களின் விடைத்தாள்களில் அத்தகைய ஒழுங்கைத் தேடித் தேடி மதிப்பெண் இட்டவன் நான்.

அந்த வாரம் முழுவதும் வேறு வைத்தியங்கள் செய்தேன். இணைப்புக்காரர் வந்து அலைவரிசையை மாற்றினார். கடைக்காரர் கணினியின் மென்பொருளைப் புதுப்பித்தார். நடுவாரத்தில் சோதித்தபோது குறி முழுவதுமாக விரிந்து நின்றது. டிரம்கள் அப்போது பாதிக்குமேல் குறைந்திருந்தன. நான் குறியைத்தான் பார்த்தேன்.

நான்காம் ஞாயிறு நண்பகலில் தண்ணீர் வந்தது. மனைவியும் நானும் ஆறு டிரம்களையும் விளிம்புவரை நிறைத்தோம். மறுநாள் பிடிக்க முடியாதல்லவா. மாலையில் பதிவுப் பொத்தானை அழுத்திவிட்டு அமர்ந்தேன். அவன் அன்று சவரம் செய்து வெள்ளைச் சட்டை அணிந்திருந்தான். மடியில் ஒரு தாள் இருந்தது. சொல்ல வேண்டியவற்றைக் குறித்து வைத்திருந்தான் போலும். மூன்று நிமிடத்தில் படம் உறைந்தது. நான் எழுந்து ஓடிப் பெட்டியை அணைத்துப் போட்டேன். வந்தது, போனது. கணினியைத் தூக்கிக்கொண்டு நடைக்கு வந்தேன். மின்கலம் என்றோ செத்துவிட்டதால், மின்வடம் கழன்றதும் அது அணைந்துபோயிற்று. மீண்டும் அறைக்குள் வந்து வடத்தைச் செருகி, அது உயிர்பெறக் காத்திருந்து, பதிவை மறுபடி தொடங்கி, அவனை அழைத்தேன். அவன் உதடு அசைந்தது, ஒலி வரவில்லை. பிறகு ஒலி வந்தது, உதடு நின்றுவிட்டது. ஒரு மணி நேரம் கழிந்தபோது அவன் மகள் திரையில் தோன்றி, "பெரியப்பா, அப்பாவுக்கு வலிக்குதாம். போதும்" என்றாள். அந்த ஒரு சொற்றொடர் மட்டும் பளிச்சென்று கேட்டது.

மறுநாள் அறுவை முடிந்தது. உயிர் நின்றது, குரல் போயிற்று.

பத்து நாள் சென்றபின், கழுவுவதற்காக மனைவி டிரம்கள் ஆறையும் கொல்லைக்கு உருட்டிவிட்டாள். நடை வெறிச்சென்று கிடந்தது. தற்செயலாகக் கணினியைத் திறந்தேன். குறி முழுவதுமாக விரிந்திருந்தது. அன்று மாலை தண்ணீர் வந்ததும் டிரம்களை மீண்டும் நடையில் வரிசையாக வைத்து அவள் குழாயைத் திருப்பினாள். நான் சாய்வு மேசையின் முன்னே அமர்ந்து, ஒவ்வொரு டிரம்மாக நிறைய நிறையக் குறி சுருங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவளைக் கூப்பிட்டேன். வந்து, கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, சற்று நேரம் பார்த்தாள். அன்றே சொன்னேனே என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். நிறைந்த டிரம்களை எங்களால் நகர்த்த முடியாது. ஒவ்வொன்றிலிருந்தும் குடங்குடமாக மொண்டு அண்டாக்களில் ஊற்றிவிட்டுக் காலி டிரம்களை அடுக்களைச் சுவரோரம் மாற்றினாள். அதன்பிறகு எங்கள் இணைப்பு ஒருநாளும் அறுந்ததில்லை. பின்னர் இணைப்புக்காரரிடம் சொன்னபோது, "அட, ஆமா சார். தண்ணி அலைய உறிஞ்சிரும். மீன்தொட்டிப் பக்கம் பெட்டி வைக்காதீங்கம்போம். டிரம்ம யாரு நெனச்சா" என்றார்.

அடுத்த ஞாயிறு தம்பி திரைக்கு வந்தான். கழுத்தில் கட்டு, மடியில் ஒரு சிறு வெள்ளைப் பலகை. எழுதிக் காட்டினான்: 'பளிச்சுனு தெரியிறீங்க.' நான் தலையசைத்தேன். துடைத்துவிட்டு மறுபடி எழுதினான்: 'அன்னைக்குப் பதிஞ்சீங்களே, அத மகளுக்கு அனுப்புங்க. பிள்ளைக்கு.'

அந்தப் பதிவை அதற்கு முன்பே நான் பலமுறை கேட்டிருந்தேன். அதில் அவன் குரல் துண்டு துண்டாக இருக்கிறது. 'அண்ணே' என்பதில் முதலெழுத்து மட்டும் ஓரிடத்தில். 'மழ' என்று ஓரிடத்தில். மழையா, மழலையா, தெரியவில்லை. ஓர் இருமல். மற்றதெல்லாம் நான். "கேக்குதா? தம்பி, கேக்குதா? இப்பக் கேக்குதா?" ஒரு மணி நேரமும் அவன் பேச வேண்டிய இடத்தையெல்லாம் என் குரல் நிறைத்திருக்கிறது.

அனுப்புகிறேன் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். பிறகு, "அதுல ஒன் கொரல் சரியா விழுகலப்பா. எல்லாம் நான்தான் இருக்கேன்" என்றேன். தண்ணீர் டிரம்களைப் பற்றியும் சொன்னேன். மனைவி முன்பே கண்டு சொன்னதையும், நான் சிரித்ததையும் சொன்னேன்.

அவன் பலகையில் எதையும் எழுதவில்லை. அசையாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். நெடுநேரம் அப்படியே இருந்ததால் படம்தான் நின்றுவிட்டதென்று எண்ணி, பழக்கத்தில், பெட்டியை அணைக்க எழுந்தேன். அப்போது அவன் கண்ணிமைத்தான்.