சர்வருக்கும் ஒரு நாள் ஓய்வு

நேற்று மருமகள் வேலை முடிந்து வரும் வழியில் மாட்டுங்காவில் இறங்கி முந்திரி கத்லி வாங்கி வந்தாள். எல்லோரும் கத்லியை எடுத்தார்கள். நான் காலியான அட்டைப் பெட்டியை எடுத்து மூக்கருகே வைத்துக்கொண்டேன். புது அட்டை, புது மை, லேசாகப் பசை வாசனை. அம்மா தின்பதை விட்டுவிட்டு டப்பாவை மோந்து பார்க்கிறாள் என்று மகன் சிரித்தான். சிரிக்கட்டும். அவன் படித்த படிப்புக்குப் பாதிப் பணம் இந்த வாசனையிலிருந்து வந்ததுதான்.

தாராவியில் தொண்ணூறடி ரோட்டிலிருந்து உள்ளே திரும்பினால் எங்கள் அச்சகம். முதலாளி திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், எல்லோருக்கும் அண்ணாச்சி. கீழே அச்சு இயந்திரமும் வெட்டும் இயந்திரமும். மரப்படி ஏறினால் மிட்டாய்ப் பெட்டிகளுக்குக் கம்ப்யூட்டரில் படம் போடும் எங்கள் அறை. எல்லோரும் பெண்கள், நடந்து வந்து நடந்து போகும் தூரத்தில் வீடு. மதியம் பிள்ளைகள் பள்ளிவிட்டு வரும்போது ஓடிப்போய்ச் சோறு போட்டுவிட்டு வரலாம். அண்ணாச்சி அதைப் பார்த்தும் பார்க்காதவர் மாதிரி இருப்பார். நான் பத்தாவது வரைதான். ஆனால் தமிழும் மராத்தியும் தட்டச்சு செய்வேன். பம்பாயில் அது போதும் என்று அப்போது நம்பினேன், இப்போதும் நம்புகிறேன்.

அறையின் மூலையில் சர்வர் நின்றது. சேர்ந்த புதிதில் அதைக் குளிர்சாதனப் பெட்டி என்று நினைத்து, என் மோர் பாட்டிலை எங்கே வைப்பது என்று கஸ்தூரியிடம் கேட்டேன். கஸ்தூரி என் பக்கத்து நாற்காலிக்காரி, வாயாடி. "உள்ள வையிங்கக்கா, சாயங்காலம் பிரிண்டாகி வரும்" என்றாள். நாங்கள் போட்ட படம் எல்லாம் அதற்குள்தான் இருந்தது. வரிசையாக வட்டுகள், ஒவ்வொன்றிலும் ஒரு பச்சை விளக்கு. காலையில் வந்ததும் முதலில் அந்த விளக்குகளைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொள்வேன். இதற்கும் சிரித்தவர்கள் உண்டு.

ஆயுத பூஜை வந்தால் எங்கள் அச்சகம் மொத்தமும் அடங்கிவிடும். கீழே இயந்திரங்களைத் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, சாம்பிராணி போட்டு, பொரிகடலையோடு ஓய விடுவோம். மாடியில் கம்ப்யூட்டர்களுக்கும் அப்படியே. சர்வரையும் முறைப்படி அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, ஒயரைச் சுருட்டி அதன் தலைமேல் வைத்து ஒரு முழம் பூ. விஜயதசமிக்குத்தான் மறுபடி தொடுவோம். வேறெந்த அலுவலகத்திலும் சர்வரை இப்படி அணைக்க மாட்டார்களாம். எங்களுக்கு அது தெரியாது. உழைக்கிற கருவிக்கெல்லாம் ஒரு நாள் உண்டு என்பது மட்டும் தெரியும்.

அந்த வருஷம் பூஜையோடு ஞாயிற்றுக்கிழமையும் சேர்ந்துகொண்டது. ஓய்வு கொஞ்சம் நீண்டுவிட்டது. திரும்ப வந்து போட்டால் எல்லா விளக்கும் பச்சைதான். ஆனால் போட்ட படத்தைச் சேமிக்கச் சொன்னால் நகரவே இல்லை. திறப்பது சட்டென்று திறக்கும். சேமிக்கும்போதுதான் பங்குனி வெயிலில் தேர் இழுக்கிற மாதிரி. தீபாவளி வேலை தலைக்குமேல் கிடந்தது. எல்லா மிட்டாய்க் கடைக்காரர்களும் பெட்டிக்காக நின்ற நேரம். ஒரு பெட்டியைச் சேமிக்கக் கொடுத்துவிட்டுக் கந்த சஷ்டி கவசம் தொடங்கினால், சொல்லி முடித்த பிறகும் திரையில் அந்த வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும்.

அண்ணாச்சியின் மாப்பிள்ளைக்கு வாஷியில் அலுவலகம், புதுக் கட்டடம், கண்ணாடிக் கதவு. படம் போடும் வேலையை அங்கே கொண்டுபோக வேண்டும் என்று அவர் ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார். இப்போது காரணம் கிடைத்துவிட்டது. வந்து சர்வரைச் சுற்றிப் பார்த்தார். குங்குமத்தை விரலால் தொட்டு விரலையே பார்த்தார். "மெஷினுக்கு மேக்கப் போட்டா எப்படிக்கா ஓடும்?" என்று என்னிடம் கேட்டார். வேலை வாஷிக்குப் போனால் நாங்கள் யாரும் பின்னால் போக முடியாது. வடாலா போய் ஹார்பர் லைன் ரயில் பிடித்து, மதியம் பிள்ளைகள் வாசலில் நிற்க, எந்த வீட்டில் சம்மதிப்பார்கள்? அறையில் இருந்த அத்தனை பேருக்கும் இது தெரியும். அண்ணாச்சிக்கும் தெரியும். ஆள் கூப்பிட்டுப் பார்ப்போம், சரியாகவில்லை என்றால் மாப்பிள்ளை சொன்னபடி செய்துகொள்ளலாம் என்று தரையைப் பார்த்துச் சொன்னார்.

வந்த என்ஜினியர் மாட்டுங்காக்காரர், நெற்றியில் சின்னதாகச் சந்தனம். பொறுமையான மனிதர். கேபிளை மாற்றிப் பார்த்தார். வைரஸ் தேடுகிற வேலையை நிறுத்திப் பார்த்தார். வட்டுகளை ஒவ்வொன்றாகச் சோதித்தார், எல்லாம் நலம். எங்கள் கம்ப்யூட்டர்களை விட்டுவிட்டு சர்வருக்குள்ளேயே ஒரு கோப்பை நகலெடுத்தார். படிப்பது ஓடியது, எழுதுவது ஊர்ந்தது. அப்படியானால் வயர்மேல் தப்பில்லை, உள்ளேதான் என்றார். சமீபத்தில் ஏதாவது மாற்றினீர்களா, அணைத்தீர்களா என்று திரும்பத் திரும்பக் கேட்டார். அண்ணாச்சி, "நம்ம மெஷின் ராப்பகலா ஓடுதுல்லா" என்று அளந்துவிட்டார். நாங்கள் எல்லோரும் வாயை மூடிக்கொண்டு நின்றோம்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். மாப்பிள்ளை கையைக் கட்டிக்கொண்டு அங்கேயே நின்றார், அது ஒன்று. இன்னொன்று, சொல்ல வெட்கமாக இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். பூஜைக்கு அணைத்ததால்தான் இப்படி ஆனதோ என்ற பயம் எங்கள் எல்லோருக்கும் இருந்தது. வாயைத் திறந்தால் சரஸ்வதிக்கு எதிராகச் சாட்சி சொன்ன மாதிரி ஆகிவிடும்.

என்ஜினியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இதற்குமேல் எல்லாவற்றையும் புதிதாகத்தான் மாற்ற வேண்டும் என்றார். வாஷிக்குச் சொல்ல மாப்பிள்ளை போனை எடுத்தார். கஸ்தூரி என் முந்தானையைப் பிடித்துக்கொண்டிருந்தாள், எதற்கென்று அவளுக்கே தெரியாது. அவள் சின்ன மகனுக்கு அப்போதுதான் பள்ளியில் இடம் கிடைத்திருந்தது. எனக்கு உள்ளே என்னவோ கிளம்பிவிட்டது. நாம் பொய் சொல்லிக் காப்பாற்றித்தான் சரஸ்வதி இருக்க வேண்டுமா?

"சார், நாங்க அணைச்சோம். ஆயுத பூஜைக்கு. பிளக்கையும் புடுங்கி வச்சோம். வருசா வருசம் செய்யுதோம், இனியும் செய்வோம். இதுவும் எங்களுக்கு ஆயுதந்தான்" என்றேன்.

"பாத்தீங்களா மாமா?" என்றார் மாப்பிள்ளை. என்ஜினியர் அவரைக் கவனிக்கவே இல்லை. "எத்தனை நாள் கரண்ட் இல்லாம இருந்தது? இதை முதல்லயே சொல்லப்படாதோ" என்று மறுபடி உட்கார்ந்துவிட்டார்.

அவர் சொன்னதை என் பாஷையில் சொல்கிறேன். சர்வருக்குள் ஒரு சர்க்யூட் அட்டை இருக்கிறது. நாம் சேமிப்பதை உடனே வட்டில் எழுதாமல் அது தன் கையில் வாங்கி வைத்துக்கொண்டு, ஆச்சு, நீ போ என்று நம்மை அனுப்பிவிடும். பிறகு சேர்த்து எழுதிக்கொள்ளும். நடுவில் கரண்ட் போனால் கையில் இருப்பது அழியாமல் இருக்க அதற்கு ஒரு சின்ன பேட்டரி. பேட்டரி செத்துவிட்டால் அட்டைக்குப் பயம் வந்துவிடும். கையில் எதையும் வைத்துக்கொள்ளாது, ஒவ்வொன்றாக எழுதி முடித்துத்தான் அடுத்ததைத் தொடும். மார்க்கெட்டில் பை கிழிந்துபோனால் ஒவ்வொரு தக்காளியாக வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டு வருவது மாதிரி.

அப்போ பூஜையால்தானே என்று மாப்பிள்ளை விடவில்லை. "பேட்டரி எப்பவோ கிழடாயிடுத்து. கரண்ட் இருந்தவரைக்கும் தெரியல்லை. இவா பிடுங்கினா, தெரிஞ்சுது. பிடுங்காம இருந்து, மழையில ஒரு நாள் கரண்ட் போயிருந்தா, கையில இருந்த வேலை அத்தனையும் போயிருக்கும்" என்றார் என்ஜினியர். அணைக்காமல் இருந்திருந்தால் இன்னும் கொஞ்ச நாள் வேகமாகவே ஓடியிருக்கும் என்பதையும் அவர் மறைக்கவில்லை. அவரவர் இஷ்டப்படி எடுத்துக்கொள்ளட்டும். நோயைச் சரஸ்வதிதான் காட்டிக்கொடுத்தாள் என்று நான் எடுத்துக்கொண்டேன். இன்றைக்கும் மாற்றிக்கொள்ளவில்லை.

கிராண்ட் ரோடு பக்கம் கம்ப்யூட்டர் சாமான் கடைகளுக்குப் போய் அவரே பேட்டரி வாங்கி வந்து பொருத்தினார். அது மின்சாரம் குடித்து நிறைவதற்கு நேரம் பிடிக்கும் என்றார். மறுநாள் மதியம் கஸ்தூரி ஒரு பேடா பெட்டியைச் சேமிக்கக் கொடுத்துவிட்டு, பழக்கத்தில் தலைமுடியை அவிழ்த்துப் பின்னத் தொடங்கினாள். பின்னலைப் பிடிக்கும் முன்பே பெட்டி சேமிப்பாகி முடிந்திருந்தது. நம்பாமல் இன்னொரு தடவை அழுத்தினாள். பிறகு எழுந்து பிள்ளைக்குச் சோறு போடப் போய்விட்டாள்.

அடுத்த வருஷம் வாஷியிலிருந்து கண்டிப்பாகச் செய்தி வந்தது, சர்வரை அணைக்கக் கூடாது என்று. அண்ணாச்சி மாடிக்கு வந்தார். என்ஜினியரைக் கேட்டாகிவிட்டதா என்றார். எப்படி அணைப்பது, எத்தனை நாள் தாங்கும் எல்லாம் கேட்டு வைத்திருந்தோம். "பெறகென்ன எம்மா, பூவைக் கொண்டா" என்று அவரே குனிந்து பிளக்கைப் பிடுங்கினார்.

அப்படிச் சில வருஷம் ஓடியது. பிறகு அண்ணாச்சி போய்ச் சேர்ந்தார். மரப்படி போயிற்று, அறை போயிற்று, வட்டுகளைப் பழைய இரும்போடு எடைபோட்டார்கள். மாப்பிள்ளையின் கம்பெனி இப்போதும் பெட்டி போடுகிறது. கோப்பெல்லாம் இன்டர்நெட் வழியே எங்கேயோ வெளியூர் சர்வரில் இருக்கிறது, எந்த ஊரில் என்று அவருக்கே தெரியாதாம். கஸ்தூரி அவருக்கு வீட்டிலிருந்தே படம் போட்டுக் கொடுக்கிறாள்.

போன ஆயுத பூஜையன்று பொரி கொடுக்க அவள் வீட்டுக்குப் போனேன். விளக்கு எரிந்தது, பக்கத்தில் கம்ப்யூட்டரும் எரிந்தது. கண் சிவந்து உட்கார்ந்திருந்தாள். போன் நிமிஷத்துக்கொரு தரம் துடித்தது, நிறத்தை மாற்று, எழுத்தைப் பெரிதாக்கு என்று.

"இன்னைக்குமா வேலை, ஏட்டி?" என்றேன்.

"அது அணையுறதே இல்லக்கா" என்றாள்.

சேமித்துக்கொள் என்று சொன்னேன். சேமித்தாள். நான் சுவரோரம் குனிந்து பிளக்கைப் பிடுங்கினேன். திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் இருண்ட திரையைப் பார்த்தாள். பிறகு போனையும் அணைத்துக் கவிழ்த்து வைத்துவிட்டு, முகம் கழுவப் போனாள்.