சாந்தமேரி கட்டிய சைவப் பொட்டலம்

சாந்தமேரி ஆன்டி பண்டமாரானில் எங்கள் வரிசையின் கடைசி வீட்டில் இருக்கிறார். பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்பில் பிறந்தவர். துறைமுகத்தில் கிரேன் ஓட்டிய கணவர் இறந்த பிறகு, ஒரு போலீஸ் நிலையத்தின் லாக்கப்புக்குச் சோறு கட்டிக் கொடுத்துப் பிழைக்கிறார்.

உள்ளே யார் இருக்கிறார்கள், யாருக்கு உடம்பு சரியில்லை என்று அங்கே வெளியில் சொல்வதில்லை. பெயர்களைப் பலகையில் எழுதிப் போட்டால் போதும், போடுவதில்லை. அதனால் பிள்ளையைத் தேடுகிறவர்கள் ஆன்டியின் அடுப்படிக்கு வருவார்கள். அவருக்கும் பெயர் தெரியாது. பொட்டலத்தில் எது சைவம், எது அசைவம் என்பது மட்டும் தெரியும்.

புரட்டாசியில் சீதாலெட்சுமி அக்கா வந்தார். மகன் சிவநேசனைப் போலீஸ் பிடித்துப் போனதை அண்டை வீட்டார் பார்த்திருந்தார்கள். நிலையத்தில் கேட்டால், அப்படி ஒருவர் இல்லை என்றார்கள். சிவநேசனுக்கு மூச்சிழுப்பு உண்டு. இன்ஹேலர் வீட்டிலேயே கிடந்தது.

"சைவம் கேட்டாங்களா மேரி?"

"நேத்திலேர்ந்து ஒன்னு கேக்குறாங்க."

"எம் புள்ளதான். புரட்டாசில முட்டைகூட தொட மாட்டான்."

"வெளிய இருக்கறவங்களே சனிக்கிழமை மட்டும்தான் விரதம் இருக்காங்க. உள்ள போயுமா?"

அக்கா சிரிக்கவில்லை. கோயில் திருநீற்றைக் காகிதத்தில் மடித்து நீட்டினார். சோற்றுக்கடியில் வைத்தால், அம்மா தேடுகிறாள் என்று மகனுக்குப் புரியும் என்றார். ஆன்டி முதலில் மறுத்தார். பிறகு வாங்கி வைத்துக் கட்டினார்.

மறுநாள், பொட்டலம் எடுக்க வரும் போலீஸ்காரர் கோப்ரல் சபாபதி கூடைகூட இல்லாமல் வந்து கத்தினார்.

"என்ன ஆன்டி இப்படிப் பண்ணிட்டீங்க? எனக்குத் திருநீறுன்னு தெரியுது. இன்ஸ்பெக்டர் போதைத் தூள்னு சொல்றார் லா! சிவநேசனுக்கு யார் கொடுத்தது?"

அடுப்படியிலிருந்து சீதாலெட்சுமி அக்கா வெளியே வந்தார்.

"அப்ப எம் புள்ள உங்ககிட்டதான் இருக்கான்."

அக்கா முந்தானையிலிருந்து இன்ஹேலரை எடுத்து நீட்டினார்.

"இந்த இன்ஹேலரையாவது கொடுத்துடுங்க தம்பி."

கோப்ரல் அதை வாங்கவில்லை. ஆன்டியிடம், "இனிமே சைவம் வேணாம்," என்றார்.

"ஏன்? வேற ஸ்டேஷனுக்கு மாத்திட்டாங்களா?"

"வேணாம்னா வேணாம் ஆன்டி."

ஆன்டி வாசலை மறித்துக்கொண்டார். "அவன் எங்கன்னு சொல்லு. இல்லன்னா உங்க லாக்கப்புக்கு இனி சோறே கிடையாது. கான்ட்ராக்ட் போனா போவுது."

கோப்ரல் தெருவை ஒருமுறை பார்த்துக்கொண்டார். குரல் இறங்கிவிட்டது.

"பெரியாஸ்பத்திரிக்குப் போங்க. நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க."

"எந்த வார்டு தம்பி?" என்று அக்கா கேட்டார்.

அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். "வார்டுல இல்லம்மா," என்றார்.